கூச்சம் மறைத்த குறை: இறங்காத விரையும் பனியன் நகரத்து ஆண்களும்

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை, லீவு ஞாயிற்றுக்கிழமை. உடம்பைக் கவனித்துக்கொள்ள ஒரு டைலருக்கோ கட்டிங் மாஸ்டருக்கோ கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அன்றைக்குப் பெரும்பாலான ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள் இருக்க மாட்டார்கள். முதுகுவலி, சர்க்கரை என்று தாராளமாக வெளியே சொல்லக்கூடிய நோய்களே இங்கே 'ஷிப்மென்ட் முடியட்டும்', 'தீபாவளி போனஸ் வரட்டும்' என்று தள்ளிப்போகின்றன. வெளியே சொல்லவே முடியாத ஒன்று இருபது, முப்பது வருடம் தள்ளிப்போவதில் வியப்பில்லை.

அப்படித் தள்ளிப்போன ஒரு குறைதான் இந்த வாரக் கட்டுரையின் பொருள். பிறக்கும்போதோ பிறந்த சில மாதங்களிலோ விரைப்பைக்குள் வந்து சேர வேண்டிய விரை, வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ தங்கிவிடுவது. குழந்தைப் பருவத்தில் அரை மணி, ஒரு மணி நேர ஆபரேஷனில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். வீட்டில் யாரும் கவனிக்காமல், கவனித்தாலும் பேசாமல், அந்தக் குழந்தை வளர்ந்து பதினெட்டு வயதில் பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்து, ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, கல்யாணமும் செய்துகொள்கிறது. குறையும் கூடவே வளர்கிறது.

இது அபூர்வமான நோய் அல்ல. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு ஒரு விரையாவது இறங்காமல் இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் இது முப்பது வரை போகும். பலருக்கு முதல் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். ஒரு வயது முடியும்போது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் மிச்சம் நிற்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக இறங்கும் என்று காத்திருப்பதில் பெரிதாகப் பலனில்லை. ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்பதுதான் இன்று உலகெங்கும் சிறுநீரியல் சங்கங்கள் சொல்லும் கணக்கு. அதைத் தவறவிட்ட ஆண்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

எப்படி வெளியே வருகிறது?

பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றுக்காக டாக்டரிடம் போகும்போதுதான்.

துணி ரோல் தூக்குபவர், டையிங்கில் ஈரத்துணியை இழுப்பவர், பெட்டி ஏற்றும் லோடுமேன், இப்படி ஒருவருக்குத் தொடை இடுக்கில் வீக்கம் வருகிறது. இருமினால் புடைக்கும், படுத்தால் அமுங்கும். 'மூட்டை தூக்கி குடல் இறங்கிருச்சு' என்று அவரே முடிவு செய்துகொண்டு வருவார். குடலிறக்கம் என்பது சரிதான். ஆனால் டாக்டர் முழுதாகப் பரிசோதிக்கும்போது அந்தப் பக்கத்து விரைப்பை காலியாக இருக்கும். கேட்டால், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்பார்.

இவை இரண்டு தனித்தனி நோய்கள் அல்ல. விரை கீழே இறங்கும்போது வயிற்றின் உள்ளுறையிலிருந்து ஒரு பையும் கூடவே இறங்குகிறது. விரை இடம் சேர்ந்ததும் அந்தப் பை மூடிக்கொள்ள வேண்டும். விரை பாதி வழியில் நின்றுவிட்டால் பை பெரும்பாலும் மூடாமலே இருந்துவிடும். பிற்காலத்தில் பாரம் தூக்கும்போது குடல் அந்தத் திறந்த வழியில் இறங்குகிறது. மூட்டை வெறும் சாக்கு. வழி பிறப்பிலேயே திறந்துதான் இருந்தது.

ராணுவத்துக்கும் போலீஸுக்கும் ஓடிப் பயிற்சி எடுத்த பையன்களில் சிலருக்கு ஆள்சேர்ப்பு மருத்துவச் சோதனையில்தான் முதன்முதலாக இது சொல்லப்படுகிறது. ஓட்டம், உயரம், மார்பளவு எல்லாம் தேறி, கடைசியில் மருத்துவர் முன் நிற்கும்போது 'தகுதியில்லை' என்று ஒரு சீட்டு. வீட்டில் காரணம் சொல்ல முடியாமல், 'உயரம் பத்தலையாம்' என்று சொல்லிவிட்டுப் பிழைப்பைத் தேடி வெளியூர் கிளம்பிவிடுகிறார்கள்.

அடுத்தது, கல்யாணமாகிச் சில வருடம் கழித்து வரும் குழந்தையின்மை. இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் அங்கே வலிக்க வேண்டாத ஒருவருக்கு வலிக்கிறது.

இவை எதுவும் இல்லாமல், திடீர் வலியோடு வருபவர்களும் உண்டு. இறங்காத விரை தன் காம்பில் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உடையது. வலி அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ வருவதால் அப்பெண்டிக்ஸ் என்றும் குடலிறக்கச் சிக்கல் என்றும் குழப்பம் நேரும். அடிவயிற்று வலியோடு வரும் ஒவ்வோர் ஆணுக்கும் விரைப்பையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அறுவை சிகிச்சைப் பாடத்தில் சொல்லிக் கொடுப்பது இதற்காகத்தான். நோயாளி வெட்கப்பட்டு லுங்கியைப் பிடித்துக்கொள்வதும், கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் திரை இல்லாமல் டாக்டர் தயங்குவதும் சேர்ந்து அந்தப் பாடத்தைத் தோற்கடிக்கின்றன. ஒரு திரைச்சீலைக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஆடை தைத்து உலகத்துக்கே அனுப்பும் ஊரில் ஆஸ்பத்திரிக்குத் திரை இல்லாமல் இருக்கக் கூடாது.

விரை ஏன் இறங்க வேண்டும்?

கருவில் விரை உருவாகும் இடம் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து இரண்டு கட்டமாகக் கீழே வருகிறது. முதல் கட்டம் கர்ப்பத்தின் முதல் பாதியில்: வயிற்றுக்குள்ளேயே இடுப்பு வரை. இரண்டாவது கட்டம் ஏழாம் மாதத்தை ஒட்டி: தொடை இடுக்குக் குழாய் வழியாக விரைப்பைக்கு. விரையின் அடியிலிருந்து விரைப்பை நோக்கிப் போகும் ஒரு தசைநார் வழிகாட்டுவதை 1762-ல் லண்டனில் விவரித்து எழுதியவர் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர். ஹார்மோன்களும் இந்தத் தசைநாரும் ஒத்துழைத்தால்தான் பயணம் முடியும். ஏழு, எட்டு மாதத்திலேயே பிறந்துவிடும் குழந்தைகளுக்கு இது ஏன் அதிகம் என்பது இதிலிருந்தே புரியும். பயணம் முடியும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். பிறப்பு எடை குறைவு, குடும்பத்தில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தது ஆகியவையும் நன்கு அறியப்பட்ட காரணங்கள்.

விரைப்பையின் வெப்பம் உடலின் உள்வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குறைவு. விந்தணு உற்பத்திக்கு அந்தக் குளிர்ச்சி வேண்டும். வயிற்றுச் சூட்டிலேயே கிடக்கும் விரையில் விந்தணுவை உண்டாக்கும் செல்கள் முதல் இரண்டு வயதுக்குள்ளேயே குறையத் தொடங்குகின்றன. ஆண் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. அதனால்தான் மீசை வரும், குரல் உடையும், தாம்பத்தியத்தில் குறை இருக்காது. வெளியில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. இந்தக் குறை இவ்வளவு காலம் ஒளிந்திருக்க இதுவே வசதி.

பாய்லர் பக்கத்தில் நின்றதால், ஸ்டென்டர் மெஷின் சூட்டில் வேலை பார்த்ததால் விரை மேலே போய்விட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. வேலையிடச் சூடு விந்தணுவின் தரத்தைப் பாதிக்கலாம். இறங்கிய விரையை மேலே ஏற்றாது. நொய்யல் ஆற்றில் ஓடிய சாயத்தின் மேல் எல்லாப் பழியையும் போடுவதும் இந்த ஊரில் எளிது. சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அந்த ஆறு நொந்திருந்தது உண்மை. உலக அளவில் ரசாயனங்களுக்கும் இந்தக் குறைக்கும் தொடர்பு உண்டா என்ற ஆராய்ச்சியும் நடக்கிறது. டென்மார்க்கில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும், பின்லாந்தில் நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவானவர்களுக்கும் இது இருந்ததாக 2004-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு அந்த விவாதத்தைக் கிளப்பியது. ஆனால் வயிற்றுக்குள் விரை இருக்கும் ஒரு முப்பது வயதுக்காரருக்கு ஆற்றின் கதையால் ஆவது ஒன்றுமில்லை. அவருக்குத் தேவை சர்ஜன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிறந்தபோது சரியாக இருந்த விரை, குழந்தை வளரும்போது மேலே ஏறிக்கொள்வதும் உண்டு. 'பிறந்தப்ப ரெண்டும் இருந்துச்சே' என்று அம்மா சொல்வதும் பொய்யாக இருக்காது. குளிரிலும் பயத்திலும் மேலே ஏறி, வெந்நீரில் குளிக்கும்போது தானாக இறங்கும் விரை வேறு வகை. அதற்குப் பயப்பட வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை டாக்டர் பார்த்தால் போதும்.

புற்றுநோய் என்ற பயம்

இணையத்தில் தேடுபவர்கள் முதலில் மோதுவது இந்தச் சொல்லில்தான். சிலர் அதோடு போனை மூடிவைத்துவிட்டு இன்னும் பத்து வருடம் ஒளிகிறார்கள். எண்களை நேராகப் பார்த்தால் ஒளிய வேண்டிய அவசியமும் இல்லை, அலட்சியம் செய்யவும் இடமில்லை.

இறங்காத விரைக்காக ஆபரேஷன் செய்துகொண்ட 16,983 ஆண்களை ஸ்வீடனில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2007-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட முடிவு: பதின்மூன்று வயதுக்கு முன் ஆபரேஷன் ஆனவர்களுக்கு விரைப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைப் போல் சுமார் இரண்டேகால் மடங்கு, அதற்குப் பிறகு ஆனவர்களுக்குச் சுமார் ஐந்தரை மடங்கு. மடங்கு என்றால் பயமாக இருக்கும். அந்த 16,983 பேரில் புற்றுநோய் வந்தவர்கள் 56 பேர். இந்தியாவில் இந்தப் புற்றுநோயே அரிது. ஒரு லட்சம் ஆண்களில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவு. அரிதான ஒன்றின் ஐந்து மடங்கும் அரிதுதான்.

பிறகு எதற்கு ஆபரேஷன்? விரைப்பையில் கட்டி வந்தால் குளிக்கும்போது கையில் தட்டுப்படும். வயிற்றுக்குள் இருக்கும் விரையில் வந்தால் தட்டுப்படாது. வயிறு கனத்து, முதுகு வலித்து, கட்டி பெரிதாகிய பிறகே ஸ்கேனில் தெரியும். இந்த வகைப் புற்றுநோய் கீமோதெரப்பிக்கு மிக நன்றாகக் கட்டுப்படுவது. ஆரம்பத்தில் கண்டால் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குணமாகிறது. அப்படிக் குணமாகக்கூடிய நோயை, பார்க்க முடியாத இடத்தில் வைத்துக்கொண்டிருப்பதுதான் தவறு.

ஒரு பக்கம் நல்ல விரை இருந்து, மறுபக்க விரை வயிற்றுக்குள் சுருங்கிக் கிடக்கும் பருவம் கடந்த ஆணுக்கு, அதை எடுத்துவிடுவதையே பெரும்பாலான மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அது இனி விந்தணு தரப்போவதில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. அந்த வயதில் புற்றுநோய் வாய்ப்பைவிட மயக்க மருந்தின் ஆபத்து கூடுதல் என்பதால், தொந்தரவு இல்லாவிட்டால் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும் என்கிறது மருத்துவ உலகம். 'உடனே எடுத்தாகணும்' என்று ஐம்பத்தைந்து வயதுக்காரரை யாராவது விரட்டினால் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள்.

மூன்று துளை

பரிசோதனையில் முதலில் கை. நல்ல சர்ஜனின் விரல்களுக்கு இணையான கருவி இன்னும் வரவில்லை. இறங்காத விரைகளில் ஐந்தில் நான்கு தொடை இடுக்கிலேயே கைக்குத் தட்டுப்படும். அவற்றுக்கு லேப்ராஸ்கோப்பி என்ற நுண்துளை சிகிச்சை தேவையில்லை. தொடை இடுக்கில் சிறிய கீறல் போட்டே முடித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் லேப்ராஸ்கோப்பி என்று சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

கைக்கு அகப்படாத ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் லேப்ராஸ்கோப்பி பெரிய வரம். முன்பெல்லாம் அந்த விரையைத் தேடுவதற்கே வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. 1976-ல் இத்தாலியில் கோர்த்தேசியும் அவரது குழுவினரும் 18 வயது இளைஞர் ஒருவரின் வயிற்றுக்குள் ஒரு குழல் கேமராவைச் செலுத்தி இரண்டு விரைகளையும் கண்டுபிடித்தார்கள். இந்தத் தேடலுக்கு லேப்ராஸ்கோப்பியைப் பயன்படுத்திய முதல் பதிவு அது. குழந்தையாக இருந்தபோது கவனிக்கப்படாமல் வளர்ந்துவிட்ட ஒருவரிடமிருந்தே இந்த வரலாறு தொடங்குகிறது.

இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி மூலம் முதன்முதலாகப் பித்தப்பை அறுவை செய்தவர் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையின் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா, ஆண்டு 1990. பணக்கார நாட்டுச் சிகிச்சை என்று ஒதுக்காமல், சீக்கிரம் கூலிக்குத் திரும்ப வேண்டிய ஏழைக்குத்தான் இது அதிகம் தேவை என்று விடாமல் வாதாடியவர் அவர். திருப்பூரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டரில், கோவையில், டாக்டர் சி. பழனிவேலு நிறுவிய ஜெம் மருத்துவமனை லேப்ராஸ்கோப்பியில் உலகம் அறிந்த பெயர். கணையப் புற்றுநோய் அறுவையைக்கூடத் துளை வழியாகச் செய்து காட்டிய மண்டலம் இது. இங்கே வசிக்கும் ஒருவருக்குத் திறமையான கைகள் எட்டாத தூரத்தில் இல்லை.

ஆபரேஷன் எப்படி நடக்கும்? முந்தைய நாட்களில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. புற்றுநோய்க்கான சில குறியீடுகளையும் ரத்தத்திலேயே பார்ப்பார்கள். இன்னும் குழந்தை பெறாதவராக இருந்தால் விந்துப் பரிசோதனை கட்டாயம். ஸ்கேனில் 'தெரியவில்லை' என்று வந்தால் விரையே இல்லை என்று பொருள் இல்லை. அதை உறுதி செய்வதும் லேப்ராஸ்கோப்பிதான்.

முழு மயக்கம் கொடுத்த பின் தொப்புளில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு துளை. கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை மெதுவாக உயர்த்துவார்கள். கேமரா உள்ளே போகும். அரை சென்டிமீட்டர் அளவில் இன்னும் இரண்டு துளைகளில் கருவிகள். திரையில் சர்ஜன் தேடுவது விரையை அல்ல, அதற்கு வரும் ரத்தக்குழாயை. குழாய் எங்கே போகிறதோ அங்கே விரை இருக்கும். நடுவழியில் முற்றுப்புள்ளி போல நின்றுவிட்டால், அந்த விரை கருவிலேயே முறுக்கி அழிந்துவிட்டது என்று பொருள். தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

விரை சுருங்கிப்போய் இருந்தால் ரத்தக்குழாயையும் விந்துக்குழாயையும் கிளிப் போட்டு வெட்டி, விரையை ஒரு சிறு பைக்குள் போட்டுத் தொப்புள் வழியாக வெளியே எடுப்பார்கள். அதைக் கட்டாயம் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். குடலிறக்கமும் இருந்தால் பெரும்பாலும் அதே மயக்கத்திலேயே சரிசெய்துவிடலாம்.

விரை நன்றாக இருந்து, குழாய்க்கு நீளமும் இருந்தால், கீழே இறக்கித் தைப்பார்கள். நீளம் போதாவிட்டால் இரண்டு கட்டம். ஆஸ்திரேலியாவின் ஃபவுலரும் ஸ்டீஃபன்ஸும் 1959-ல் காட்டிய வழி அது: முக்கிய ரத்தக்குழாயைத் துண்டித்து, விந்துக்குழாயோடு வரும் சிறு ரத்தநாளத்தின் பலத்தில் விரையை வாழவைத்து இறக்குவது. இப்போது முதல் கட்டத்துக்குப் பின் சுமார் ஆறு மாதம் விட்டு இறக்குகிறார்கள். எகிப்தின் ஷெஹாதா, குழாயை வெட்டாமல் விரையை எதிர்ப்பக்க வயிற்றுச் சுவரில் தைத்து, சில மாதம் இழுபட்டு நீள விட்டு, பிறகு இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். இவை பெரும்பாலும் குழந்தைகளுக்கானவை. வளர்ந்த ஆணுக்கு, அதிலும் இரண்டு பக்கமும் இறங்காதவருக்கு மட்டும், ஹார்மோன் சுரப்பைக் காப்பாற்றவும் விரையைக் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவரவும் இவற்றை யோசிப்பார்கள். இறக்கி வைத்த பிறகும் மாதம் ஒருமுறை குளிக்கும்போது தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இறக்கியதால் ஆபத்து முழுதாகப் போய்விடாது, ஆனால் கட்டி வந்தால் சீக்கிரம் தெரியும்.

பெரும்பாலோர் மறுநாள் வீட்டுக்குப் போகிறார்கள். உள்ளே மிஞ்சும் வாயுவால் ஒன்றிரண்டு நாள் தோள்பட்டையில் வலி இருக்கும், பயப்பட வேண்டாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். பாரம் தூக்குபவர் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும், டாக்டர் சொல்லும் வரை துணி ரோல் தொடக் கூடாது. விரைப்பை காலியாகத் தெரிவது மனதை உறுத்தினால் சிலிக்கானில் செய்த செயற்கை விரை வைத்துக்கொள்ள வழி உண்டு. அதைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஊசி போட்டு இறக்கலாம், எண்ணெய் தடவி இழுத்துக் கட்டினால் வரும் என்று சொல்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். வளர்ந்த ஆணுக்கு எந்த ஊசியாலும் விரை இறங்காது.

குழந்தை இல்லை என்றால் யாரைச் சோதிப்பது?

கல்யாணமாகி ஒரு வருடம் கடந்ததும் மாமியார் கேட்கத் தொடங்குகிறார். இரண்டாவது வருடம் ஊர் கேட்கிறது. கேள்வி எப்போதும் மருமகளிடம்தான் போகிறது. செக்கிங் டேபிளில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு, கிடைத்த ஞாயிறுகளில் ஸ்கேனுக்கும் ஊசிக்கும் கோவிலுக்கும் அலைபவள் அவள். கணவனின் விரைப்பையில் ஒன்று இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கலாம். அதுதான் காரணமோ என்று வாயைத் திறந்து கேட்க அவளுக்கு அனுமதி இல்லை. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது என்பது மருத்துவம் பல காலமாகச் சொல்லிவரும் உண்மை. ஆணுக்கு விந்துப் பரிசோதனை ஒரு காலை நேர வேலை, செலவும் குறைவு. அதைக் கடைசியில் வைப்பதைக் கொடுமை என்றே சொல்வேன்.

ஒரு விரை மட்டும் இறங்காதவர்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சிறுவயதில் ஆபரேஷன் ஆனவர்களை வளர்ந்த பின் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பீட்டர் லீ குழுவினர் தொடர்ந்து பார்த்தார்கள். தகப்பனாக முயன்றவர்களில் ஒரு பக்கக் குறை இருந்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வெற்றி பெற்றார்கள். குறையே இல்லாதவர்களில் 94 பேர். வித்தியாசம் சிறியது. இரண்டு பக்கமும் குறை இருந்தவர்களில் 65 பேர். அவர்களுக்கும் சிறுவயதில் ஆபரேஷன் நடந்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் இறங்காமலே வளர்ந்துவிட்டவருக்கு விந்தில் அணு இல்லாமல் போவது வழக்கம். அப்போதும் கதவு முழுதாக மூடிவிடுவதில்லை. நுண்ணோக்கியின் கீழ் விரைத் திசுவிலிருந்தே விந்தணுவைத் தேடி எடுத்து, சோதனைக்குழாய் முறையில் முயலலாம். விந்தில் கொஞ்சமாவது அணு தெரிந்தால், ஆபரேஷனுக்கு முன்பே அதை உறைநிலையில் சேமிக்கக் கேளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உடல் சோர்வு என்றோ 'ஆண்மை'க்கு என்றோ டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஜெல் போட்டுக்கொள்பவர்கள், மிச்சமிருக்கும் விந்தணு உற்பத்தியையும் நிறுத்திக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். குழந்தை வேண்டும் என்பவர் சிறுநீரியல் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

பெண் பார்க்கும் நிலையில் இருக்கும் தம்பிகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஒன்று. ஆபரேஷனைக் கல்யாணத்துக்கு முன்பே முடியுங்கள். பெண்ணிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். ஒரு விரையோடு நல்ல தாம்பத்தியமும் பிள்ளைகளும் சாத்தியம். மறைத்த பிறகு தெரியவந்தால் போகும் நம்பிக்கையை எந்த சர்ஜனும் தைத்துத் தர முடியாது.

சம்பள நாள் கணக்கு

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூருடையது. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஆடை இங்கிருந்து கப்பல் ஏறுகிறது. அவ்வளவையும் தைப்பவருக்குப் பெரும்பாலும் பீஸ் ரேட் அல்லது ஷிப்ட் கூலி. உட்காராத நாளுக்குக் காசில்லை. திறந்த வயிற்று ஆபரேஷன் என்றால் ஒரு மாதக் கூலி போகும் என்று பயந்தவருக்கு, ஒன்றிரண்டு வாரத்தில் மெஷினில் உட்காரலாம் என்பது பெரிய செய்தி. நுண்துளை சிகிச்சையின் பெருமையைத் தழும்பின் அளவில் பேசுகிறார்கள். இந்த ஊரில் அதன் பெருமை மிச்சமாகும் நாட்களில் இருக்கிறது.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குள் வருகிறார். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், கம்பெனியின் பங்கு 3.25. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், நோய்விடுப்பில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். சிகிச்சை குடும்பத்துக்கும் உண்டு. பிடித்தம் செய்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். ஜாப் ஒர்க் யூனிட்டில் சீட்டே இல்லை என்றால் கேளுங்கள். இ.எஸ்.ஐ. எண் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். அது தொழிலாளியின் அறியாமை மட்டும் அல்ல, கான்ட்ராக்ட்காரர்களின் பொறுப்பும்தான்.

இ.எஸ்.ஐ. இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களிடம் ஆயுஷ்மான் அட்டை இருந்தால் இங்குள்ள திட்ட மருத்துவமனைகளிலும் செல்லும். எந்த ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரியில் அடங்கும் என்பதை அட்மிட் ஆகும் முன்பு அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ள வேண்டும். தாராபுரம் ரோட்டில் இருக்கும் அரசு மருத்துவமனை, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. முதல் பரிசோதனைக்கு அங்கே போகலாம்.

மேஸ்திரியிடம் என்ன சொல்லி லீவு கேட்பது என்ற தயக்கமும் ஆபரேஷனைத் தள்ளிப்போட வைக்கிறது. 'வயிற்று ஆபரேஷன்' என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. எந்த உறுப்பு என்று கேட்க மேஸ்திரிக்கு உரிமை இல்லை.

தொட்டிலிலேயே முடிய வேண்டியது

இவ்வளவும் பின்னால் ஓடிப் பிடிக்கும் வேலை. குழந்தைகளின் பிறவிக் குறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டம், முப்பது நோய்நிலைகளைப் பட்டியலிட்டது. உதடு பிளவு, வளைந்த பாதம், பிறவிக் கண்புரை, இதயக் குறை எல்லாம் அதில் உண்டு. நூற்றில் ஒரு பையனுக்கு இருக்கும் இறங்காத விரை அந்தப் பட்டியலில் பெயரோடு இடம்பெறவில்லை. பட்டியலில் இல்லாததை யாரும் தேட மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் தடுப்பூசிக்கு வராத குழந்தை குறைவு. ஆறு, பத்து, பதினான்கு வாரம், ஒன்பதாம் மாதம் என்று கிராம சுகாதாரச் செவிலியரின் மடியில் குழந்தை வந்து போகிறது. பதினான்காவது வார ஊசியின்போதும் ஒன்பதாம் மாத ஊசியின்போதும் ஆண் குழந்தையின் விரைப்பையை வெதுவெதுப்பான கையால் தொட்டுப் பார்த்து, 'இரண்டும் உண்டு' என்று தடுப்பூசி அட்டையில் குறிக்க ஒரு கட்டம் வேண்டும். இல்லை என்றால் குழந்தை அறுவை மருத்துவரிடம் அனுப்ப ஒரு சீட்டு. கருவியோ புதுச் செலவோ தேவையில்லை. சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடக்கூடிய வேலை இது. செய்ய வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறோம்.

ஊரிலிருந்து பிழைக்க வந்து, ஒற்றை அறை வீட்டில் குழந்தை வளர்க்கும் இளம் அம்மாக்களே, இன்றைக்குக் குளிப்பாட்டும்போது பாருங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த ஊசிக்குக் காத்திருக்காமல் கேளுங்கள். விரை இறங்காமலே இத்தனை காலம் இருந்துவிட்ட அண்ணன்மார்களும் தம்பிமார்களும் இந்த மாதமே ஒரு பொது அறுவை மருத்துவரையோ சிறுநீரியல் மருத்துவரையோ பாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணைக் கூப்பிடலாம்.